கேரவனில் ஊர் சுற்றிக்கொண்டே வைனரி வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்பர்ன் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நானும் என் கணவரும் கேரவனில் (காரின் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீடு) கிளம்பி ஆறு வருடம் ஆகிறது. வருடத்தில் இரண்டரை மாதம் ஏதாவது ஒரு வைனரியில், அதாவது வைன் தயாரிக்கும் ஆலையில் வேலை, மீதி நாள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைச் சுற்றுவது என்று போகிறது. இதுவரை ஐந்து வின்டேஜ் பார்த்திருக்கிறோம். மூன்று தெற்கு ஆஸ்திரேலியாவின் ரிவர்லேண்டிலும் மெக்லாரன் வேலிலும், ஒன்று நியூ சவுத் வேல்ஸின் கிரிஃபித்தில், ஒன்று மேற்கே மார்கரெட் ரிவரில்.

கல்யாண வீடு, கோயில் சாப்பாட்டு வரிசை, ராத்திரி பத்து மணி போன் என்று எங்கே போனாலும் இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் பெரிய பக்கம்தான். 9, 10, 14 இந்த மூன்றையும் மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

1. வின்டேஜ் வின்டேஜ் என்கிறீர்களே, அப்படியென்றால் என்ன?

திராட்சை அறுவடையாகி, நசுங்கி, புளித்து, வைனாக டேங்கில் அடங்கும் வரைக்குமான பருவத்துக்கு இங்கே அந்தப் பெயர். தென்கோளம் என்பதால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. சிட்னிக்கு வடக்கே ஹன்டர் பள்ளத்தாக்கில் ஜனவரியிலேயே தொடங்கிவிடும். வெயில் அதிகமுள்ள உள்நாட்டுப் பகுதிகளான ரிவர்லேண்ட், மில்டுரா, கிரிஃபித் பக்கம் ஜனவரிக் கடைசியில் சூடு பிடிக்கும். பரோசா, மெக்லாரன் வேல் பிப்ரவரி. குளிர்ப் பகுதிகளான கூனவாரா, யாரா பள்ளத்தாக்கு, டாஸ்மேனியாவில் மார்ச், ஏப்ரல். ஒரு வைனரியில் எட்டு முதல் பத்து வாரம் வேலை இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

2. திராட்சை பறிக்கிற வேலைதானே அக்கா?

இல்லை. பறிப்பது தோட்ட வேலை, நாங்கள் செய்வது ஆலை வேலை. இரண்டும் வேறு சம்பளம், வேறு ஆள், பல சமயம் வேறு முதலாளி. பெரிய தோட்டங்களில் பெரும்பாலும் இயந்திரம்தான் பறிக்கிறது, அதுவும் ராத்திரியில். பழம் குளிர்ச்சியாக வந்து சேர்ந்தால் சாறு கெடாது. அதனால்தான் ஆலையும் ராத்திரி முழுக்க ஓடுகிறது.

3. சரி, உள்ளே என்னதான் செய்யச் சொல்வார்கள்?

வேலையின் பெயர் செல்லர் ஹேண்ட். ஒரு நாளில் பாதிக்கு மேல் கழுவுவதுதான், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேங்க் கழுவுவது, ஹோஸ் கழுவுவது, பம்ப் கழுவுவது, பழம் பிழியும் பிரஸ் கழுவுவது, தரை கழுவுவது. டேங்குக்குக் காஸ்டிக் சோடா போட்டுச் சுற்றவிட்டு, தண்ணீரில் அலசி, சிட்ரிக் அமிலத்தில் இன்னொரு முறை சுற்றவிட்டு, மறுபடியும் தண்ணீர். நன்றாகக் கழுவத் தெரிந்தவரைத்தான் அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள்.

மீதி நேரத்தில் லாரியில் வரும் பழத்தைத் தொட்டியில் கொட்டுவதைப் பார்த்துக்கொள்வது, சாறை ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, ஈஸ்ட் கரைத்து ஊற்றுவது, மாதிரி எடுத்து லேபுக்குக் கொண்டுபோவது. சிவப்பு வைன் என்றால் பம்ப் ஓவர் உண்டு. புளிக்கும்போது தோல் எல்லாம் மேலே மிதந்து அடை மாதிரி கெட்டியாக நிற்கும். அடியிலிருந்து சாறை எடுத்து அதன்மேல் தெளித்து நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் நிறமும் சாரமும் இறங்கும்.

சாறில் சர்க்கரை எவ்வளவு என்பதை இங்கே போமே என்ற அளவில் பார்க்கிறார்கள். சுமாராக 1 போமே, வைனில் 1 சதவீத ஆல்கஹாலாக மாறும். காலையில் 13 என்று எழுதிய டேங்க், நாலைந்து நாள் கழித்து 4 என்று காட்டும். அந்தப் பலகையில் எண் இறங்குவதைப் பார்க்கும்போது, நாம் தூங்கிய நேரத்திலும் அது வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது என்று ஒரு சந்தோஷம் வரும். எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதே அந்தப் பலகையால்தான்.

4. நான் 12 வருடமாக ஐடி. கையில் ஸ்பேனர் பிடித்ததில்லை. எடுப்பார்களா?

எடுப்பார்கள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான டன் பழம் வாங்கும் பெரிய ஆலைகளுக்குப் பருவத்தில் நிறைய ஆள் வேண்டும், புதியவர்களுக்கு அவர்களே பயிற்சி கொடுக்கிறார்கள். முதல் வருடம் பெரிய ஆலைக்குப் போங்கள் என்பது என் அபிப்பிராயம். நாலு பேர் வேலை செய்யும் சின்ன இடத்தில் வைனைப் பற்றி நிறையக் கற்கலாம், ஆனால் அவர்களுக்கு வந்த அன்றே வேலை தெரிந்த ஆள்தான் தேவைப்படும்.

ஃபோர்க்லிஃப்ட் உரிமம் இருந்தால் உங்கள் விண்ணப்பம் மேலே வந்துவிடும். ஐடி ஆள் என்றால் லேப், லாரி எடை மேடைப் பதிவு போன்ற வேலைகளையும் கேட்டுப் பாருங்கள். விண்ணப்பிக்க வேண்டியது முந்தைய ஆகஸ்டிலிருந்து நவம்பருக்குள். பொங்கல் கழித்துக் கேட்டால், வராமல் போனவர் இடம்தான் கிடைக்கும்.

5. எங்கள் வீட்டில் யாரும் குடிக்க மாட்டோம். அந்த இடத்தில் வேலை செய்வது சரிப்படுமா?

என் வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. ஐந்து பருவம் வேலை பார்த்துவிட்டார், யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ருசி பார்ப்பது வைன் தயாரிப்பாளரின் வேலை. அவர்களே வாயில் கொப்பளித்துத் துப்பிவிடுவார்கள். வேலை நேரத்தில் குடிப்பதற்குக் கறாரான தடை உண்டு, சில இடங்களில் ஷிஃப்டுக்கு முன்னால் ஊதிக் காட்டவும் சொல்வார்கள்.

மது உற்பத்தியில் பங்கு வேண்டாம் என்று மனசு சொன்னால் அதற்கு எதிராக நான் வாதாட மாட்டேன். அப்படிப்பட்டவர்களுக்கு 21ஆம் பதிலில் வேறு பருவ வேலைகள் இருக்கின்றன. சுத்த சைவக்காரர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: வைனைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, மீனிலிருந்து எடுக்கும் பசை, ஜெலட்டின் போன்றவற்றைச் சில இடங்களில் சேர்ப்பதுண்டு. அதைக் கரைக்கும் வேலை உங்கள் கைக்கு வரலாம்.

6. இந்தியாவிலிருந்து நேராக இதற்கென்று வர விசா இருக்கிறதா?

2024 செப்டம்பர் 16 முதல் இந்தியர்களுக்கும் 462 என்ற வேலையும் விடுமுறையும் சேர்ந்த விசா திறந்திருக்கிறது. 18 முதல் 30 வயது வரை, வருடத்துக்கு 1,000 இடம், குலுக்கல் முறை. மலேசியா, சிங்கப்பூர் தமிழர்களுக்கும் இதே 462 உண்டு. இங்கே குடியுரிமை, நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

இரண்டாம் வருடமும் இந்த விசா கிடைக்க வேண்டிய 88 நாள் வேலைக் கணக்கைச் சேர்க்கிறவர்கள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட பகுதிகளில் திராட்சை பறிப்பதும் கொடி வெட்டுவதும் கணக்கில் சேரும். வைனரி வாசலில் வருகிறவர்களுக்கு வைன் ஊற்றிக் கொடுக்கும் வேலை சேராது. ஆலைக்குள் செய்யும் வேலையென்றால், சேருவதற்கு முன்பே உள்துறையின் பட்டியலைப் பார்த்து, முதலாளியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். பத்து வாரம் உழைத்த பிறகு கேட்டுப் பயனில்லை.

7. நான் மாணவர் விசா. கோடை விடுமுறையில் போய் வரலாமா?

விடுமுறைக்குள் முடிகிற வரை தாராளமாக. பிரச்சினை பிப்ரவரிக் கடைசியில் வரும். வகுப்பு தொடங்கிவிட்டால் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. வைனரியில் ஒரே வாரத்தில் 60, 70 மணி நேரம் போய்விடும். வேலை உச்சத்தில் இருக்கும்போது உங்கள் விடுமுறை முடியும். மேற்பார்வையாளர் கெஞ்சுவார், நாமும் இரக்கப்பட்டு ஒப்புக்கொள்வோம், விசாவில் கை வைத்துவிடும். ஜனவரியில் தொடங்கும் பகுதிகளுக்குப் போய், கிளம்பும் தேதியைச் சேரும்போதே சொல்லிவிடுங்கள்.

8. கையில் எவ்வளவு நிற்கும்? நேராகச் சொல்லுங்கள்.

தொகை சொன்னால் அடுத்த ஜூலையில் அது பழசாகிவிடும், ஏனென்றால் குறைந்தபட்சச் சம்பளம் ஒவ்வொரு ஜூலை 1 அன்றும் மாறுகிறது. வைன் தொழிலுக்கென்று தனியாகச் சம்பள விதி இருக்கிறது. வேலை உரிமைகளைப் பார்க்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மேன் தளத்தில் உள்ள கணக்கியில் வேலையும் நேரமும் போட்டால் விவரம் வரும். தற்காலிக ஆளுக்கு அடிப்படைக்கு மேல் 25 சதவீதம் கூடுதல். கூடுதல் நேரத்துக்கும் ராத்திரிக்கும் என்ன விகிதம் என்று ஒப்பந்தத்திலேயே பாருங்கள். வைனரியில் காசு சேர்வது அந்தக் கூடுதல் நேரத்தால்தான்.

ஓய்வுக்கால நிதிக்கு 2025 ஜூலையிலிருந்து 12 சதவீதம் முதலாளி தனியாகக் கட்ட வேண்டும். 462 போன்ற விசாக்காரர்களுக்கு, வரித்துறையில் பதிவுசெய்த முதலாளி என்றால், முதல் டாலரிலிருந்தே 15 சதவீத வரி, 45,000 டாலர் வரை. நாடு திரும்பும்போது ஓய்வுக்கால நிதியை எடுத்தால் அதில் 65 சதவீதம் வரியாகப் போய்விடும். இது தெரியாமல் அந்தப் பணத்தை நம்பித் திட்டம் போட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

செலவு பக்கம் ஒரு நல்ல விஷயம்: 12 மணி நேரம் வேலை, மீதி நேரம் தூக்கம் என்று போவதால் செலவு செய்ய நேரமே கிடைக்காது.

9. கேரவனை எங்கே நிறுத்துவது? வைனரிக்குள்ளேயே விடுவார்களா?

சில இடங்களில் விடுவார்கள், சும்மாவோ சின்ன வாடகைக்கோ. கேட்டால்தான் சொல்வார்கள். ஆனால் "இடம் உண்டு" என்ற பதிலோடு போனை வைத்துவிடாதீர்கள். கேரவனுக்கு 15 ஆம்ப் பிளக் வேண்டும், சாதாரண வீட்டுப் பிளக் 10 ஆம்ப்தான். 15 ஆம்ப் இருக்கிறதா, ராத்திரி பகல் ஏசி ஓட்டலாமா, குடிதண்ணீர்க் குழாய் எத்தனை மீட்டர் தூரம், கழிவறைத் தொட்டியை எங்கே கொட்டுவது, நிழல் இருக்கிறதா, நிற்கும் இடம் ஆலையின் குளிர்விப்பு இயந்திரத்துக்குப் பக்கத்திலா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

கடைசிக் கேள்வியை நாங்கள் முதல் வருடம் கேட்கவில்லை. எங்களுக்குக் கொடுத்த இடம் அழகான யூக்கலிப்டஸ் நிழல். இருபது அடியில் குளிர்விப்பு இயந்திரம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது உறுமிக் கிளம்பும், ஸ்டீல் டம்ளர்கள் அலமாரியில் கிணுகிணுக்கும். நாலாம் நாள் கேரவன் பார்க்குக்கு மாறினோம். பார்க்கில் வாடகை உண்டு, வார வாடகை பேசினால் குறைப்பார்கள். பருவத்தில் வேலையாட்களால் நிரம்பிவிடும் என்பதால் டிசம்பருக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

இலவச முகாமில் நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போகலாம் என்பது பலரின் யோசனை. தங்கும் நாட்களுக்கு அங்கே வரம்பு இருக்கும், மின்சாரமும் கிடையாது. அடுத்த பதிலைப் படித்தால் அது ஏன் நடக்காது என்று புரியும்.

10. ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலில் கேரவனுக்குள் தூங்க முடியுமா? 42 டிகிரி அடிக்குமாமே?

பாதியில் விட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் வேலை தாங்காமல் போவதில்லை, தூங்க முடியாமல் போகிறார்கள். பிப்ரவரியில் ரிவர்லேண்டில் 40 தாண்டும் நாட்கள் சகஜம். கேரவன் என்பது மெல்லிய தகரமும் பலகையும். காலை ஆறரைக்குப் படுத்தால் பதினொரு மணிக்கு உள்ளே வேகும், ஏசி இல்லாமல் முடியவே முடியாது. கூரை சோலாரும் பேட்டரியும் விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜுக்குப் போதும். எட்டு மணி நேர ஏசிக்குப் பெரும்பாலான கேரவன்களில் போதாது. அதனால்தான் அந்த 15 ஆம்ப் பிளக்.

எங்களுக்குப் பலன் கொடுத்தவற்றைச் சொல்கிறேன். கேரவனின் குறுகிய பக்கம் மேற்கைப் பார்க்கும்படி நிறுத்துவது. இங்கே நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும், நம் ஊர்ப் பழக்கத்தில் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். அதனால் துணிப் பந்தலை வடக்குப் பக்கம் வருகிற மாதிரி விரிப்போம். ஜன்னல் எல்லாவற்றிலும் வெள்ளிப் பூச்சுள்ள காப்பு அட்டையை வெளிப்பக்கம் மாட்டுவது, உள்பக்கம் மாட்டினால் சூடு கண்ணாடி தாண்டி வந்துவிடும். கதவில் "நைட் ஷிஃப்ட், தூங்குகிறோம்" என்று எழுதித் தொங்கவிடுவது. பார்க்கில் குளம், விளையாட்டிடம் பக்கம் இடம் வாங்காமல் ஓரமாக வாங்குவது.

அப்புறம், வாரத்தில் ஒரு நாள் லீவு வரும்போது பகலில் முழித்து ராத்திரி தூங்கிப் பழையபடி மாற முயலாதீர்கள். அந்த ஒரு நாள் சந்தோஷத்துக்கு அடுத்த மூன்று நாள் தலை சுற்றும். முக்கியமாக, ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் காரோட்டாதீர்கள். ஆறு மணிக்குக் கங்காருவும் ரோட்டில் நிற்கும். தங்குமிடம் ஆலையிலிருந்து கால் மணி நேரத்துக்குள் இருக்கட்டும்.

11. சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள்?

லீவு நாளில் சாம்பார், வத்தக்குழம்பு, புளிக்காய்ச்சல் என்று செய்து வைத்துவிடுவேன். ஷிஃப்டுக்குப் புளிசாதம் மாதிரி வேறில்லை, ராத்திரி இரண்டு மணிக்கும் அப்படியே இருக்கும். இடைவேளைக்கு இங்கே ஸ்மோகோ என்று பெயர். வேர்வை ஊற்றுகிற ராத்திரிகளில் நீர்மோரில் உப்புப் போட்டு இரண்டு லிட்டர் கொண்டுபோவோம். பெரிய ஊர்களில் இந்திய மளிகை கிடைக்கும். கிரிஃபித்தில் பஞ்சாபிகள் நிறைய இருப்பதால் பருப்பு, மாவுக்குக் கஷ்டமே இல்லை.

12. கை கறுத்துப்போய்விடுமாமே? கல்யாணத்துக்கு எப்படி வருவீர்கள்?

சிவப்புத் திராட்சை வேலையில் விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் கருநீலமாகிவிடும். சோப்புப் போட்டால் இன்னும் கறுக்கும். திராட்சை நிறம் காரத்தில் நீலமாகவும் அமிலத்தில் சிவப்பாகவும் மாறும் ஜாதி, சோப்பு காரம். முதல் வாரம் நான் சோப்பால் தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிந்ததுதான் மிச்சம்.

பிறகு ஒரு நாள் கொட்டைப்புளியைக் கொஞ்சம் தண்ணீரில் பிசைந்து கையில் தேய்த்தேன். கண் முன்னாலேயே கருநீலம் இளஞ்சிவப்பாகி, தண்ணீரோடு போனது. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். திராட்சையில் இருப்பதும் அதே அமிலம்தான். வைனரியில் சாறுக்குப் புளிப்புப் போதாதபோது மூட்டை மூட்டையாகக் கொட்டுவதும் அதுதான். குளிர்ந்த டேங்கின் உள்சுவரில் கற்கண்டு மாதிரி ஒட்டியிருப்பது அதன் உப்பு. பித்தளைக் குடம் துலக்கிய அதே புளி இங்கேயும் கைகொடுத்ததில் எனக்கு அப்படி ஒரு நிறைவு.

13. பெண்கள் செய்யக்கூடிய வேலையா?

ஒவ்வொரு ஷிஃப்டிலும் பெண்கள் இருக்கிறார்கள். கனம் தூக்குவதைவிடச் சாறு நிறைந்த ஹோஸை இழுப்பதுதான் கடினம். 20 மீட்டர் ஹோஸ் சாறோடு இருந்தால் யாராலும் தூக்க முடியாது. முதலில் வடித்துவிட்டு, பிறகு சுருட்ட வேண்டும். ஆள் பலத்தைவிட வரிசை தெரிந்திருப்பதுதான் முக்கியம். மாதவிலக்கு நாட்களில் 12 மணி நேரம் ஈரத்தில் நிற்பது சிரமம்தான், மறைக்கவில்லை. அந்த நாட்களில் எடை மேடைக்கோ லேபுக்கோ மாற்றிக் கேட்டிருக்கிறேன், கொடுத்திருக்கிறார்கள். முனையில் இரும்பு வைத்த ரப்பர் பூட்ஸும் கம்பளிக் காலுறை ஆறு ஜோடியும் நல்லதாக வாங்குங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

14. யாரோ டேங்குக்குள் இறங்கிச் செத்துப்போனதாகக் கேள்விப்பட்டேன். அவ்வளவு ஆபத்தா?

ஆபத்து நிஜம். புளிக்கும் சாறு கார்பன் டை ஆக்சைடை விடுகிறது, ஒரு லிட்டர் சாறு முழுக்கப் புளித்தால் 50 லிட்டர் அளவுக்கு. அது காற்றைவிடக் கனம் என்பதால் டேங்கின் அடியில் தங்கிவிடும். நம் ஊரில் பாழடைந்த கிணற்றில், கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் போய்விட்டார் என்று செய்தி படிப்போமே, அதே கதைதான் இங்கேயும். முதலில் விழுந்தவரைத் தூக்கப் போகிறவரும் சேர்ந்து சாகிறார். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அடர்த்தி அதிகமாக இருந்தால் இரண்டு மூச்சுக்குள் நினைவு போய்விடும்.

சிவப்பு வைன் வடித்த பிறகு டேங்குக்குள் தங்கும் தோலை மண்வெட்டியால் வெளியே தள்ளும் வேலை ஒன்று உண்டு, அங்கேதான் இந்த ஆபத்து அதிகம். முறை இதுதான்: எழுத்தில் அனுமதிச் சீட்டு, காற்று அளக்கும் கருவி, காற்றோட்ட விசிறி, வெளியே வேறு எந்த வேலையும் பார்க்காமல் உங்களையே பார்த்துக்கொண்டு ஓர் ஆள், அடைபட்ட இடத்தில் வேலை செய்யும் பயிற்சி. இதில் ஒன்று குறைந்தாலும் உள்ளே போகாதீர்கள். "அஞ்சு நிமிஷ வேலைதான்" என்பார்கள். போகாதீர்கள்.

ஓர் இடத்தில், ராத்திரி மூன்று மணிக்கு, கருவியின் பேட்டரி தீர்ந்துவிட்டது. வேறு கருவி வரட்டும் என்று நான் மண்வெட்டியைக் கீழே வைத்தேன். மேற்பார்வையாளர் முகம் சுளித்தார். நாற்பது நிமிடம் வேலை நின்றது. கருவி வந்து உள்ளே இறக்கியபோது அது கத்திய கத்தலைக் கேட்டு யாரும் அதன்பின் ஒன்றும் பேசவில்லை. பாதுகாப்பில்லாத வேலையை மறுக்கச் சட்டத்தில் உங்களுக்கு உரிமை உண்டு, தற்காலிக ஆளுக்கும்தான். அடிபட்டால் தொழிலாளர் இழப்பீடும் அப்படியே.

15. எனக்கு லேசாக வீசிங் இருக்கிறது. பரவாயில்லையா?

டாக்டரிடம் கேட்காமல் சேராதீர்கள். வைன் கெடாமல் இருக்கச் சல்ஃபர் டை ஆக்சைடு சேர்க்கிறார்கள், அதன் நெடி ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. வீசிங் இருப்பதைச் சேரும்போதே சொல்லிவிட்டால் அந்த மருந்து கலக்கும் வேலையிலிருந்து விலக்கி வைப்பார்கள். இன்ஹேலர் பையில் இருக்கட்டும், கேரவனில் அல்ல.

16. பிள்ளைகளை வைத்துக்கொண்டு முடியுமா?

தொலைதூரப் பள்ளியில் சேர்த்துச் சமாளிக்கும் குடும்பங்கள் உண்டு. ஆனால் வின்டேஜ் சமயத்தில் பெற்றோர் இருவரும் 12 மணி நேர ஷிஃப்ட் எடுத்தால் நடக்காது. ஒருவர் ஆலை, ஒருவர் வீடு என்று வைத்தால் நடக்கும்.

17. கேரவன் இழுக்கத் தனி லைசென்ஸ் வேண்டுமா?

சாதாரண கார் லைசென்ஸ் போதும். எடைதான் விஷயம். காரின் இழுவைத் திறன், கொக்கியில் இறங்கும் கனம், சாமான் ஏற்றிய கேரவனின் மொத்த எடை, மூன்றையும் தராசில் போட்டுப் பாருங்கள். வேலைப் பூட்ஸ், அரிசி மூட்டை, கிரைண்டர் என்று ஏற்றிவிட்டு, கம்பெனி எழுதிக் கொடுத்த வெற்று எடையை நம்பக் கூடாது. 2 டன்னுக்கு மேல் போனால், கேரவன் கழன்றுகொண்டாலும் தானே பிரேக் பிடிக்கும் அமைப்பு கட்டாயம்.

18. கறிவேப்பிலைச் செடியைக் கூடவே கொண்டுபோகலாமா?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. செடியோடு மாநிலம் தாண்ட முடியாது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம், அந்தக் குடும்பத்து நோய்களுக்கு இங்கே ரொம்பப் பயப்படுகிறார்கள். மெல்பர்னில் நாலு வருடம் வளர்த்த செடியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்தேன். உலர்த்திய இலை டப்பாவில் வருகிறது, வாசனை பாதிதான்.

பழம், காய்கறி விஷயத்திலும் இதே கறார். விக்டோரியாவின் மில்டுராவிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவின் ரென்மார்க் போகும் வழியில் யாம்பா சோதனைச் சாவடியில் நிறுத்திப் பார்ப்பார்கள், பழ ஈ பயம்தான் காரணம். மறந்துபோய் ஒரு தக்காளி இருந்தாலும் அபராதம் வரலாம். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் தேன்கூடக் கொண்டுபோக முடியாது.

வைனரி ஆட்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஃபில்லாக்செரா என்று கொடியின் வேரைத் தின்னும் சின்னப் பூச்சி, 1877இல் விக்டோரியாவின் ஜீலாங் அருகே கண்டுபிடிக்கப்பட்டது. யாரா பகுதியில் இன்றும் இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அது வரவே இல்லை, அதனால்தான் பரோசாவில் 1843இல் நட்ட கொடி இன்னும் காய்க்கிறது. விக்டோரியாத் தோட்டத்தில் மிதித்த பூட்ஸோடு பரோசா தோட்டத்தில் கால் வைக்காதீர்கள். கழுவிக் கிருமி நீக்கிய பூட்ஸ், முடிந்தால் வேறு பூட்ஸ். 180 வருடக் கொடியை நம் செருப்பு மண் கொன்றுவிடக் கூடாது.

19. ஏஜென்ட் ஒருவர் வேலை, தங்குமிடம் எல்லாம் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா, குயின்ஸ்லாந்தில் ஆள் அனுப்பும் நிறுவனத்துக்கு உரிமம் கட்டாயம், உரிமம் உள்ளவர்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் அப்படி உரிமம் இல்லை என்பதால் கிரிஃபித் பக்கம் கூடுதல் கவனம். வேலை வாங்கித் தர உங்களிடமே பணம் கேட்டாலோ, சம்பளச் சீட்டு இல்லாமல் கையில் காசு என்றாலோ, அவர் தமிழராகவே இருந்தாலும் வேண்டாம். கேரவன் வைத்திருப்பவருக்கு உள்ள பெரிய பலமே அதுதான், தங்குமிடத்துக்காக யாரிடமும் கட்டுப்பட வேண்டியதில்லை.

20. பத்து வாரம் என்று சொல்லி ஆறே வாரத்தில் அனுப்பிவிட்டால் என்ன செய்வது?

எங்களுக்கே நடந்தது. தற்காலிக வேலையில் அதைத் தடுக்க வழியில்லை. பழம் வந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. சீனா ஆஸ்திரேலிய வைனுக்குப் போட்ட வரி 2020 கடைசியிலிருந்து 2024 மார்ச் வரை நீடித்தது. அந்தச் சமயத்தில் சிவப்பு வைன் டேங்குகளில் தேங்கி, உள்நாட்டுப் பகுதிகளில் பழத்துக்கு விலை விழுந்தது. சில தோட்டக்காரர்கள் பறிக்காமலேயே விட்டார்கள், கொடியிலேயே காய்ந்து தொங்கியதைப் பார்த்தேன். தலைமுறையாகக் கொடி வளர்த்தவர்கள் அந்தக் கொடிகளைப் பிடுங்கிக் குவித்து எரித்ததையும் பார்த்தேன். நமக்கு நாலு வாரச் சம்பளம் போனது, அவர்களுக்குப் போனது வேறு.

அதனால் சேரும்போதே கேளுங்கள்: போன வருடம் எத்தனை வாரம் ஓடியது, எத்தனை டன், இந்த வருடம் எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள், வெள்ளையா சிவப்பா. ஆறு வாரச் சம்பளத்தை வைத்து வருடக் கணக்குப் போடுங்கள். சீக்கிரம் முடிந்தால் தெற்கே குளிர்ப் பகுதிக்கு நகர்ந்துவிடலாம், அங்கே அப்போதுதான் தொடங்கியிருக்கும் (1ஆம் பதில்). வீடு சக்கரத்தில் இருப்பதால் ஒரே நாளில் கிளம்ப முடிகிறது.

21. வின்டேஜ் முடிந்த பிறகு வருடம் முழுக்க என்ன செய்வீர்கள்?

மே மாதம் ஓய்வு, முதுகு கேட்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொடி வெட்டும் வேலையும், ரிவர்லேண்ட், மில்டுராவில் ஆரஞ்சு பறிப்பும் இருக்கும். செப்டம்பர் வாக்கில் வடக்கே ஏறினால் கேத்தரின், டார்வின் பக்கம் மாம்பழம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கோதுமை அறுவடை, தானியக் கிடங்குகளில் மாதிரி எடுக்க ஆள் தேவைப்படும். வைனரிக்கு வர மனசில்லாதவர்களுக்கு இது நல்ல வேலை. டிசம்பரில் டாஸ்மேனியாவில் செர்ரி, ஜீலாங்கிலிருந்து கப்பலில் கேரவனையும் ஏற்றிக்கொண்டு போகலாம். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய முடியாது, தூரம் அப்படி. நாங்கள் இரண்டு வேலை, மீதி ஊர் சுற்றல் என்று வைத்திருக்கிறோம்.

இந்த வருடம் மேற்கே மறுபடியும் போகிறோம். மார்கரெட் ரிவரில் ஜனவரியில் கொடிகளுக்கு வலை போர்த்தும் வேலையோடு தொடங்கும். அங்கே மரி என்ற மரம் நன்றாகப் பூத்த வருடத்தில் குருவிகள் திராட்சைப் பக்கம் வராமல் பூவுக்குப் போய்விடும் என்பார்கள். அதனால் தோட்டக்காரர்கள் எல்லாரும் அந்த மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மேற்கே போகும் வழியிலுள்ள நல்லாபோர் சமவெளியைத் தாண்டுவதற்கு முன்னால் தேன் பாட்டிலைக் காலி செய்ய வேண்டும்.